நீலச் சாரமும் காற்றுக் குழாயும்

ஒக்டோபர் 19, சனி

இன்று, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குச் சேர்விஸ் நாள். பத்தொன்பதாவது தடவை. இந்த வீட்டை வாங்கிய ஆண்டிலிருந்து, குளிர் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை, காலைத் தேநீர் குடித்த கையோடு பேஸ்மென்டுக்கு இறங்கிவிடுவேன். வெளியாள் எவனும் இதுவரை அந்தத் தகரக் கதவில் கை வைத்ததில்லை. கனடாவில், இந்த ஸ்காபரோவில், என் வயதில் இப்படிச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் சூளை பார்த்தவன் நான். அங்கே எழுதிப் பழகிய லொக் புத்தகம்தான் இந்தக் கொப்பி. வெளியில் எத்தனை பாகை, என்ன வேலை செய்தேன், வீட்டில் என்ன நடந்தது, எல்லாம் எழுதுவேன். தொழிற்சாலையில் ஒரு விதி இருந்தது. சூளை நின்றால், காரணத்தை எழுதி, பிழை விட்டவனே கீழே கையொப்பம் வைக்க வேண்டும். மெஷினில் பிழை என்று எழுதித் தப்பினவனை ஒருவரும் மதிப்பதில்லை. பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட என் கையொப்பம் அங்கே விழவில்லை.

செய்தவை: சிவப்புச் சுவிட்சை நிறுத்தினேன். காஸ் குழாயின் பிடியைக் குறுக்கே திருப்பி மூடினேன். தூசியைப் பிடிக்கும் பழைய காற்று வடியைக் கழற்றிப் புதியதைப் போட்டேன், அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்க்க. உள்ளே தூசி உறிஞ்சினேன். சுவாலை பற்றியிருக்கிறதா என்று மெஷினுக்குச் சொல்லும் கம்பி ஒன்று உண்டு, பென்சிலை விட மெல்லியது. அதைக் கழற்றி மெல்ல உரஞ்சித் துடைத்துப் பூட்டினேன். பிடியைத் திறந்து, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. சுவிட்சைப் போட்டதும் நீலச் சுவாலை வரிசையாக எழும்பியது. மனைவி திலகம் வந்து தகரக் கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனாள். சரஸ்வதி பூசைக்கு வைத்தது அழிந்துவிட்டதாம்.

திலகத்தின் அண்ணன் மகன் வாகீசனுக்குக் காஸ் வேலைக்கான லைசன்ஸ் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில், நாலு பேர் கேட்க, "மாமா, இது லைசன்ஸ் உள்ள ஆக்கள் செய்யிற வேலை. நீங்கள் கை வைக்காதேங்கோ" என்றான். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு வார்த்தை குறைவு.

நவம்பர் 9, சனி. வெளியில் 1 பாகை

பேஸ்மென்டில் கஜந்தினி குடியிருக்கத் தொடங்கி ஒரு மாதமாகிறது. மட்டக்களப்புப் பிள்ளை, இருபத்தெட்டு வயது, முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. காலை ஏழரைக்கு வந்து படுத்தால் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் எழும்புவாள். சத்தம் சந்தடி கிடையாது. திலகத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இன்று தயங்கித் தயங்கி மேலே வந்தாள்.

"அங்கிள், கோபிக்காதீங்க. ஃபேர்னஸ் ரூமில இருக்கிற குழாயால பனிக்காத்து வருது. கதவுக்குக் கீழால வந்து என்ட காலில அடிக்குது."

போய்ப் பார்த்தேன். சொன்னது சரி. வெளிச்சுவரிலிருந்து இறங்கி வந்து, நிலத்துக்கு ஒரு முழம் மேலே வாயைத் திறந்தபடி நிற்கும் குழாய் அது. காசு கொடுத்து வீட்டைச் சூடாக்கிவிட்டு, சுவரில் ஓட்டை போட்டுக் குளிரையும் உள்ளே விடுகிறார்கள். கனடாக்காரனின் மூளையை நினைத்துச் சிரிப்பு வந்தது.

என் பழைய நீலச் சாரம், கட்டம் போட்டது, உடுத்து உடுத்துப் பஞ்சாகிவிட்டது. அதை இறுக்கமாகச் சுருட்டி, குழாய்க்குள் ஒரு கை நீளம் தள்ளி அடைத்தேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் பிள்ளையின் அறை இரண்டு பாகை கூடிவிட்டது.

"அங்கிள், நீங்க இஞ்சினியரா இருந்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, சிரித்துவைத்தேன்.

நவம்பர் 16, சனி. 4 பாகை

திலகத்துக்குக் கலியாண வீட்டுப் பலகார ஓடர். காலை ஆறு மணிக்கு எண்ணெய்ச் சட்டி வைத்தவள் இரண்டு மணிக்குத்தான் இறக்கினாள். முறுக்கு, பயற்றம் பணியாரம், கடைசியாக மிளகாய்ப் பொரியல். மே மாதம் அடுப்புக்கு மேலே பூட்டிய பெரிய புகை உறிஞ்சியை முழு வேகத்தில் விட்டிருந்தாள். அது ஓடத் தொடங்கினால் முன்கதவைத் திறக்கவே இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவு பலம். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது மணம் என்று வாய் திறப்பதில்லை.

பின்னேரம் கஜந்தினி நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலையிடியாம். திலகம் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். இரவெல்லாம் முழித்து, பகலெல்லாம் போன் பார்த்தால் தலை இடிக்காமல் என்ன செய்யும்?

நவம்பர் 17, ஞாயிறு

பிள்ளைக்குத் தலையிடி இல்லை. பெருமை கொத்தமல்லிக்கே என்கிறாள் திலகம்.

நவம்பர் 30, சனி. மைனஸ் 3

பேஸ்மென்ட் நடைபாதையில் பூட்டியிருக்கும் அலாரம் பத்து மணிக்குக் கத்தத் தொடங்கியது. மேலே திலகம் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இது புதிதல்ல. மேல்மாடி அலாரத்துக்குத் திலகம் பொரிக்கும் நாட்களில் குளியல் தொப்பி போட்டு மூடிவிடுவாள், முடிந்ததும் கழற்றுவாள். கீழே இருப்பதற்குப் போட இன்னொரு தொப்பி இல்லை. நித்திரை கொள்ளும் பிள்ளை பாவம் என்று அதைக் கழற்றி, பற்றரியை எடுத்து, என் கருவி மேசை லாச்சிக்குள் போட்டேன். மிளகாய்ப் புகைக்கெல்லாம் கத்துகிற பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கஜந்தினிக்கு இன்றும் தலையிடி. சத்தியும் எடுத்தாள். வேலைக்குப் போகவில்லை.

டிசம்பர் 12, வியாழன். மைனஸ் 9

எழுதக் கை துறுதுறுக்கிறது. இன்றைக்கு நான் யார் என்று காட்டிவிட்டேன்.

காலையில் வீடு பதினாறு பாகை. கீழே இறங்கி, தகரக் கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன விசிறி சுழல்கிறது, பற்றவைக்கும் கம்பி சிவக்கிறது, காஸ் வருகிறது, சுவாலை எழும்புகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அணைந்துவிட்டது. மறுபடியும் அதே. மூன்று தரம் முயன்றுவிட்டு மெஷின் கையை விரித்துவிட்டது.

"வாகீசனைக் கூப்பிடுவமே?" என்றாள் திலகம், படியில் நின்றபடி.

"எதுக்கு? பத்தின நெருப்பு நாலு செக்கனிலை நிக்குதெண்டால், நெருப்பு பத்தினது மெஷினுக்குத் தெரியேல்லை எண்டு அர்த்தம். கம்பி அழுக்கு. போய்த் தேத்தண்ணி போடும்."

சுவிட்ச், பிடி, ஒரேயொரு ஆணி. கம்பியை வெளியே எடுத்தேன். சாம்பல் படிந்திருந்தது. துடைத்துப் பூட்டினேன். தேத்தண்ணி கொதிக்க முன் சுவாலை நின்று எரிந்தது. திலகம் என்னைப் பார்த்த பார்வையை இருபது வருடமாக நான் காணவில்லை.

ஒக்டோபரில் துடைத்த கம்பி இரண்டு மாதத்துக்குள் ஏன் மறுபடி அழுக்கானது என்று மட்டும் விளங்கவில்லை. பக்கத்தில் நிற்கும், காஸில் ஓடும் சுடுதண்ணீர்த் தாங்கியின் தலைப்பக்கம் கொஞ்சம் கருகின மாதிரி இருந்தது. பழசுதானே. ஒரு மணித்தியாலம் கீழே நின்றதில் எனக்கும் தலை பாரமாக இருந்தது, திலகமும் விடியற்காலையிலிருந்து சட்டி வைத்திருந்தாள், எண்ணெய்ப் புகைதான் காரணம்.

டிசம்பர் 14, சனி

வாகீசன் வந்தான். தாய் கொடுத்துவிட்ட ஊறுகாய்ப் போத்தலைக் கொடுக்க. திலகம் வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் ஃபேர்னஸ் கதையைச் சொல்லிவிட்டாள்.

"ஒருக்கால் பாத்திட்டுப் போகட்டே மாமா? அஞ்சு நிமிசம்."

"பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. ஓடுது."

அவன் பின்கதவால் போகும்போது பேஸ்மென்ட் யன்னலைக் குனிந்து பார்த்தான். உள்ளே கண்ணாடி முழுக்க நீர் வழிந்துகொண்டிருந்தது.

"யன்னல் இப்பிடி வேர்க்கக் கூடாது மாமா."

"கீழை இருக்கிற பிள்ளை சோத்தை மூடாமல் அவிக்கிறவள். யன்னலுக்கும் லைசன்ஸ் வேணுமே?"

அவன் முகம் சிவந்துவிட்டது. எனக்கு இன்று முழுக்க நல்ல சந்தோஷம்.

டிசம்பர் 21, சனி. மைனஸ் 12

திலகத்துக்கு இரண்டு ஓடர், காலையிலிருந்து சட்டி. கஜந்தினி டொக்டரிடம் போய் வந்தாள். இரவு வேலையால் வரும் ஒற்றைத் தலையிடி என்று மருந்து கொடுத்தாராம். "வேலைக்குப் போனா சுகமா இருக்கு அன்ரி, வீட்ட வந்து படுத்தாத்தான் வருது" என்று திலகத்திடம் சொல்லியிருக்கிறாள். வேலையில் இருக்கும்போது சுகம், வீட்டில் வருத்தம். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வருத்தங்கள் எல்லாமே இப்படித்தான்.

ஜனவரி 13, திங்கள். மைனஸ் 14

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நாளை பொங்கல். திலகம் ஐந்தரைக்கே சட்டி வைத்துவிட்டாள், ஏழு வீட்டு ஓடர். பதினொன்றரைக்கு ஒரு தட்டில் சூடான பயற்றம் பணியாரம் நாலைத் தந்து, கஜந்தினியின் கதவடியில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். கீழே இறங்கும்போதே காற்று வெப்பமாக, ஈரமாக இருந்தது. கதவைத் தட்டினேன். "ஓம் அங்கிள்" என்று உள்ளே குரல் கேட்டது. பிறகு சத்தமில்லை. மறுபடி தட்டினேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில், சூளைக்குப் பின்னால் இருந்த தூசி அறையைத் துப்புரவு செய்ய இறங்கிய கிட்ணபிள்ளை இதே மாதிரித்தான் சிரித்துக்கொண்டு குந்தினான். கயிறு போட்டு இழுத்தெடுத்தோம். அவன் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். நிறமில்லாத, மணமில்லாத வாயு. பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தது. நெருப்புக்குக் காற்றுப் போதாவிட்டால் வருவது.

யோசிக்கவில்லை. தட்டைப் போட்டேன். அறுபத்தாறு வயதில் அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுப் பதின்மூன்று படி ஏறினேன். "திலகம், அடுப்பை நிப்பாட்டும்! சட்டியை விடும்! வெளியிலை வாரும்!" என்று கத்தினேன். மூன்று பேரும் முன்வாசல் படியில், பனியில், ஒரு போர்வைக்குள். அங்கிருந்து 911 அடித்தேன். ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. அதை என்னால் பெருமையாகச் சொல்ல முடியும்.

தீயணைப்புப் படையினர் அந்த வாயுவை அளக்கும் மீட்டரோடு இறங்கினார்கள். பேஸ்மென்டில் நூற்று நாற்பத்தைந்து. ஒன்பதுக்கு மேலே போகக் கூடாதாம். காஸை மூடி, சிவப்பு அட்டை கட்டினார்கள். லைசன்ஸ் உள்ள ஒருவர் வந்து பார்த்துக் கையொப்பம் வைக்கும் வரை திறக்க முடியாது. அலாரம் எங்கே என்று கேட்டார் அவர்களில் பெரியவர். லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு, அண்மையில் இந்த அறையில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். பத்தொன்பது வருடமாக எல்லாம் அப்படியே என்றேன்.

கஜந்தினியை ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். இன்றிரவு அங்கேதான். பயப்படத் தேவையில்லையாம்.

எல்லோரும் போன பின் கீழே போனேன். நீலச் சாரத்தை எடுத்துத் துவைத்துக் காயப் போட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய். மைனஸ் 16. தைப்பொங்கல்

வீட்டுக்குள் ஒன்பது பாகை. திலகம் குளிர்ச்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு மின் அடுப்பில் பொங்கினாள். பால் பொங்கியபோது ஒருவரும் "பொங்கலோ பொங்கல்" சொல்லவில்லை.

வாகீசனுக்கு நானே போன் எடுத்தேன். திலகம் எடுப்பதாகச் சொன்னாள், விடவில்லை. "தம்பி, நான் மாமா கதைக்கிறன். வரேலுமே?" என்றேன். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பொங்கல் நாளும் அதுவுமாக இருபது நிமிடத்தில் வந்து நின்றான். யன்னல் கதையை எடுப்பான் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டரை மணித்தியாலம் வேலை செய்தான். கதவு, யன்னல் எல்லாம் அடைத்து, சோதனைக்கு மட்டும் காஸைத் திறந்து, புகை உறிஞ்சியை முழு வேகத்தில் விட்டு, சுடுதண்ணீர்த் தாங்கியின் தலைப்பக்கம் மீட்டரைப் பிடித்தான். பூச்சியம். ஃபேர்னஸைத் திறந்து, சுவாலை எரியும் குழாய்களுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். வெடிப்பு இல்லை. புகைபோக்கியின் அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தான். அடைப்பு இல்லை. மறுபடி மீட்டர். மறுபடி பூச்சியம்.

"உள்வேலை நல்ல சுத்தம் மாமா. நான் பாக்கிற வீடுகளிலை இப்பிடி வைச்சிருக்கிற ஆக்கள் இல்லை." சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "ஆனால் பிழை பிடிபடேல்லை. பிடிபடாத பிழையோடை நான் காஸைத் திறந்துவிட்டுப் போகேலாது. இரவைக்குத் திரும்ப நடந்தால்? ஃபேர்னஸையும் தாங்கியையும் தூக்கிப் போட்டுப் புதுசு வைக்கிறதுதான். மெஷின் பழுதெண்டு எழுதிறன்."

"எழுது தம்பி" என்றாள் திலகம். "சனியன் பிடிச்ச மெஷின்."

அவன் படிவத்தை ஃபேர்னஸின் மேலேயே வைத்து எழுதத் தொடங்கினான். தகரக் கதவில் திலகம் வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. பத்தொன்பது குளிர்காலம் ஒரு நாளும் என்னைக் கைவிடாத மெஷின். மைனஸ் முப்பதிலும் வேலை செய்த மெஷின். அது வாய் பேசாது என்பதற்காக அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் மேலே போய்ப் பொங்கல் சாப்பிடப் போகிறேனா?

"நில் தம்பி" என்றேன்.

மேலே போய்ச் சாரத்தை எடுத்து வந்தேன். இன்னும் ஈரம் காயவில்லை. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை இறுக்கிச் சுருட்டி, முழங்காலில் இருந்து, குழாய்க்குள் ஒரு கை நீளம் தள்ளினேன்.

"இப்ப பிடி உன்ரை மீட்டரை."

அவன் பிடித்தான். முதலில் பூச்சியம். பிறகு ஐந்து. பதினொன்று. இருபத்தாறு. நாற்பது தாண்டியதும் மீட்டர் கத்தத் தொடங்கியது. வாகீசன் பாய்ந்து காஸை மூடினான், சாரத்தை ஒரே இழுவையில் வெளியே எடுத்தான், எங்களைப் படியில் ஏறச் சொன்னான். குசினியில் உறிஞ்சியை நிறுத்திவிட்டு யன்னல்களைத் திறந்தான்.

பிறகு அவன்தான் மெதுவாகச் சொன்னான். "நெருப்பு எரியிறதுக்குக் காத்து வேணும் மாமா. அந்தக் குழாய் அதுக்குத்தான். மேலை மாமியின்ரை ஃபான் வீட்டுக் காத்தையெல்லாம் வெளியிலை இழுக்குது. குழாயையும் அடைச்சால், அது புகைபோக்கியாலை இழுக்கும். மேலை போக வேண்டிய புகை கீழை இறங்கும். ஃபான் இல்லாத நாள் ஒண்டும் தெரியாது. எப்ப அடைச்சனீங்கள்?"

இந்தக் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடி வாசித்தான். விரலை வைத்து வைத்துத் தாளைத் திருப்பினான். நவம்பர் பதினாறு, முறுக்கு, தலையிடி. முப்பது, ரோல்ஸ், அலாரம், சத்தி. டிசம்பர் பன்னிரண்டு, என் தலைப்பாரம். இருபத்தொன்று, இரண்டு ஓடர், டொக்டர்.

"எல்லாம் இதிலை எழுதிக் கிடக்கு மாமா."

"எழுதினனான் தம்பி. வாசிக்கேல்லை."

அவன் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதியதொன்று எழுதினான். காரணம் என்ற இடத்தில் காற்றுக் குழாய் அடைக்கப்பட்டிருந்தது என்று போட்டான். யார் அடைத்தது என்று கேட்கும் இடம் அதில் இல்லை. நான் அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தேன். "அது தேவையில்லை மாமா" என்றான். எனக்குத் தேவை என்றேன்.

நாலு மணிக்குச் சுவாலை எழும்பியது. அவன் போகும்போது, "வடி மாத்திறது, தூசி தட்டுறது உங்கடை வேலை. காஸ் பக்கம் வருசத்துக்கு ஒருக்கால் நான் வருவன். சரியே?" என்றான். சரி என்றேன். பொங்கல் கட்டிக் கொடுத்தேன், என் கையால்.

ஜனவரி 15, புதன்

கஜந்தினி நேற்று மாலை வந்து மேலறையில் படுத்தாள். இன்று காலை அவளிடம் சொல்லப் போனேன். திலகம் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, ஏனப்பா? இப்ப எல்லாம் திருத்தியாச்சு. மெஷினிலை பிழை எண்டு சொன்னால் போதாதே? அந்தப் பிள்ளை பொலிசுக்குப் போனால்?"

"போகட்டும்."

மேசையில் எதிரே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாரம், அலாரம், தீயணைப்புக்காரருக்குச் சொன்ன பொய். அவள் தேநீரைக் குடிக்காமல் கேட்டாள்.

"நான் குளிருது எண்டு சொன்னதாலதானே அடைச்சீங்க?"

"நீ சொன்னது குளிரெண்டு. அடைக்கச் சொல்லி நீ சொல்லேல்லை. அது என்ரை வேலை."

"அங்கிள், நான் செத்திருப்பன்."

"ஓம் பிள்ளை."

"அம்மா அங்க ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிறா, நான் நல்ல வீட்டில இருக்கன் எண்டு." மன்னிப்புக் கேட்டேன். அவள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினாள்.

ஜனவரி 16, வியாழன்

ஒரு பையோடு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். மீதிச் சாமான் கீழே இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு. மைனஸ் 11

தீயணைப்பு நிலையத்துக்குப் போய், அந்தப் பெரியவரைக் கேட்டு, அன்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். என் ஆங்கிலம் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரி 25, சனி. மைனஸ் 6

வாகீசனும் நானும் முழு நாளும் வேலை. மூன்று தளத்துக்கும் வாயுவின் அளவை இலக்கத்தில் காட்டும் புது அலாரம், கையில் கொண்டு திரிய ஒரு சின்ன மீட்டரும். காற்றுக் குழாயின் வாய்க்குக் கம்பி வலை, இனி ஒரு கைக்குட்டைகூட உள்ளே போகாது. திலகத்தின் புகை உறிஞ்சிக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர, குசினிச் சுவரில் தனிப் பாதை. கஜந்தினியின் கதவுக்குக் கீழே ரப்பர் பட்டி ஒன்று அடித்தேன். நவம்பரில் செய்திருக்க வேண்டிய வேலை அதுதான். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

திலகத்தின் குளியல் தொப்பியை நான் குப்பையில் போட்டேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

கஜந்தினி சாமான் எடுக்க வந்தாள். தோழியின் கார் வெளியே ஓடிக்கொண்டு நின்றது. கீழே இறங்கியவள் அலாரத்தைப் பார்த்தாள், கம்பி வலையைப் பார்த்தாள். முதுகைக் காட்டியபடியே, "இதை எல்லாம் எப்ப செய்தீங்க?" என்று கேட்டாள். இந்தக் கொப்பியைக் கொடுத்தேன். படியில் குந்தி, முதல் தாளிலிருந்து வாசித்தாள். தோழி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தாள்.

"நான் போன் பாக்கிறதாலயா தலையிடி?" என்றாள் ஒரு இடத்தில். நான் நிலத்தைப் பார்த்தேன். இன்னோரிடத்தில், "சோறு மூடித்தான் அவிக்கிறனான்" என்றாள்.

வாசித்து முடித்துவிட்டுக் கொப்பியை மூடினாள். பிறகு, "ஃபேர்னஸ் ரூம் சாவி ஒண்டு எனக்கு வேணும். அன்ரி பொரிக்கிற நாளில நானும் மீட்டரைப் பாப்பன். நீங்க சொல்றதை நம்ப மாட்டன். நம்பர் என்ன சொல்லுதோ அதைத்தான் நம்புவன்" என்றாள்.

சூளை பார்த்த பதினொரு வருடத்தில் எனக்கு மேலிருந்த எவரும் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை. சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். தோழியின் கார் வெறுமையாகத் திரும்பிப் போனது.

பெப்ரவரி 8, சனி. மைனஸ் 5

திலகம் ஆறு மணிக்குச் சட்டி வைத்தாள். கஜந்தினி ஏழரைக்கு வந்து படுத்தாள். நான் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கீழே போய் நடைபாதையில் நின்று அலாரத்தின் இலக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். திலகம் சிரித்தாள். சிரிக்கட்டும். மூன்று மணிக்குப் பிள்ளை எழும்பி வந்தாள். கொப்பியைத் தாங்க என்றாள். இன்றைய லொக்கை அவளே எழுதுவாளாம்.

ஃபேர்னஸ் ரூம்: 0. என்ட அறை: 0. குசினி: 0. முறுக்கு 300, ஃபான் முழு வேகம். ஏழு மணித்தியாலம் நித்திரை. தலையிடி இல்லை.

— கஜந்தினி